டென்டல் லேப்புக்கு மில்லிங் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

வேர் சிகிச்சை முடிந்த பல்லின் மேல் மருத்துவர் பொருத்தும் உறையைப் பொதுமக்கள் கேப் என்றும், லேப்பில் வேலை செய்பவர்கள் கிரவுன் என்றும் சொல்கிறார்கள். முன்பெல்லாம் அது மெழுகில் செதுக்கப்பட்டு, உலோகத்தில் வார்க்கப்பட்டு, மேலே பீங்கான் பூசிச் சுடப்பட்டு உருவானது. இப்போது கோவை, ஈரோடு, சேலம், திருச்செங்கோடு பகுதி லேப்புகள் பலவற்றில் அந்த வேலையின் பெரும்பகுதியைக் கணினியும் மில்லிங் மெஷினும் ஏற்றுக்கொண்டுவிட்டன. பல்லின் அச்சை ஸ்கேனர் படமெடுக்கிறது. டெக்னீஷியன் திரையில் கிரவுனை வடிவமைக்கிறார். அந்த வடிவத்தைத் தாங்கிய எஸ்டிஎல் கோப்பைக் கேம் மென்பொருள் வாங்கி, எந்தப் பர் (கடையும் முனை) எந்தப் பாதையில் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று கணக்கிட்டுக் கொடுக்க, மெஷின் அதன்படி கிரவுனுக்கான பொருளாலான ஒரு வட்டத் தட்டைக் கடைந்து கிரவுனை எடுக்கிறது. இந்த மெஷினை முதல்முறையாக வாங்க நினைக்கும் லேப் உரிமையாளருக்கும், டென்டல் மெக்கானிக் படிப்பில் இருக்கும் மாணவருக்கும் இக்கட்டுரை பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

கொங்கு நாட்டு வாசகருக்கு இதை விளக்குவது ஒரு வகையில் எளிது. பம்புக்கும் மோட்டாருக்கும் பாகங்கள் கடையும் பட்டறைகள் கோவையின் கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோவிலும் நிறைந்திருக்கின்றன. லேத்திலோ சிஎன்சியிலோ நின்று பழகிய ஒருவர் நம்மில் பலருடைய உறவு வட்டத்தில் இருப்பார். டென்டல் மில்லிங் மெஷினும் அளவில் சிறிய ஒரு சிஎன்சி மெஷின்தான். ஆகவே, ஒரு நல்ல பட்டறைக்காரர் எந்த மெஷினைப் பார்த்தாலும் கேட்கும் கேள்விகளை இதனிடமும் கேட்க வேண்டும். அவற்றோடு பல்லுக்கே உரிய சில கேள்விகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

முதலில் துல்லியம். கிரவுனின் விளிம்பு பல்லோடு சேரும் கோட்டை மார்ஜின் என்கிறோம். அங்கே இடைவெளி கூடினால் சிமென்ட் கரைந்து, கிருமிகள் உள்ளே புகுந்து, உறைக்குள் இருக்கும் பல் சொத்தையாகிவிடும். மெக்லீன், வான் ஃபிரான்ஹோஃபர் ஆகிய இரு ஆய்வாளர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரவுன்களை ஐந்தாண்டுகள் கவனித்து 1971-இல் வெளியிட்ட ஆய்வில் 120 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான இடைவெளியை ஏற்கத்தக்கது என்றார்கள். இன்றும் பலரும் அந்த அளவையே மேற்கோள் காட்டுகிறார்கள். இந்த 120 மைக்ரான் முழுவதும் மில்லிங் மெஷினுக்கு உரியதன்று. அச்செடுக்கும்போது ஏற்படும் பிழை, ஸ்கேனரின் பிழை, வடிவமைப்பில் விடும் சிமென்ட் இடம், சூளையில் ஏற்படும் சுருக்கம் எல்லாம் அதில் பங்கு கேட்கும். எனவே மெஷினுக்கு மிஞ்சுவது மிகச் சிறிய பங்குதான்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். 'ஒரு மைக்ரான்' என்று தாளில் அச்சிட்டிருந்தால், அது பல நேரங்களில் மோட்டார் எடுத்து வைக்கக்கூடிய மிகச் சிறிய நகர்வின் அளவையே குறிக்கும். சிறிய அடி எடுத்து வைக்கத் தெரிந்த மெஷின் சரியான இடத்தில்தான் போய் நிற்கும் என்று உறுதி கிடையாது. சொன்ன இடத்துக்கு நூறு முறை போகச் சொன்னால் நூறு முறையும் அதே இடத்தில் நிற்கிறதா என்பதும், வெட்டும்போது பரின் மேல் விழும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறதா என்பதும் வேறு கேள்விகள். லேப்புக்கு வேண்டியவை இந்த இரண்டும்தான். வாங்கிய மாதத்தில் வந்த கிரவுன் எப்படி உட்கார்ந்ததோ, மூன்றாவது ஆண்டில் வரும் கிரவுனும் அப்படியே உட்கார வேண்டும்.

அப்படி நிற்க வேண்டுமென்றால் உடம்பு உறுதியாக இருக்க வேண்டும். வார்ப்புத் தொழில் நடக்கும் ஊரில் இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை: கனமான வார்ப்பு உடலோ கருங்கல் அடித்தளமோ அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும், மெல்லிய தகட்டை மடித்து முடுக்கிய சட்டம் அதை பருக்கே திருப்பி அனுப்பும். நகர்வுக்குப் பால் ஸ்க்ரூவும் லீனியர் கைடும் இருக்கின்றனவா, மோட்டார் தான் நின்ற இடத்தைத் திரும்பச் சொல்லும் என்கோடர் உடையதா என்று கேளுங்கள். மெஷின் தன் நகர்வை அளந்து திருத்திக்கொள்ளும் அளவுத்திருத்த வசதி இருக்க வேண்டும். அதை லேப்பில் இருப்பவரே ஒரு சோதனைத் துண்டைக் கடைந்து, மைக்ரோமீட்டரில் அளந்து, எண்களைப் பதிந்து செய்துகொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு முறையும் வெளியூரிலிருந்து பொறியாளர் வந்துதான் செய்ய வேண்டும் என்றால், நடைமுறையில் அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

மெஷினின் உயிர், பரைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில். டென்டல் மெஷின்களில் அது நிமிடத்துக்கு 60,000 சுற்றுகள் என்ற அளவிலும், சிலவற்றில் அதற்கு மேலும் சுழல்கிறது. சுற்று வேகத்தோடு, அது எத்தனை வாட் திறனுடையது என்பதையும் பார்க்க வேண்டும். வேகம் மட்டும் இருந்து முறுக்குவிசை இல்லையென்றால் கடினமான பொருளில் திணறும். செய்துகாட்டும் இடத்திலேயே ஒரு சோதனை செய்யச் சொல்லலாம். பரைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டில் ஒரு நேரான ஊசிக்கம்பியை மாட்டி, அதன் மேல் லிவர் டயலின் முனையை மெல்லப் படியவைத்து, ஸ்பிண்டிலைக் கையால் ஒரு சுற்று சுற்றினால், முள் எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்துவிடும். ஆட்டம் சில மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். முள் 20 மைக்ரான் ஆடினால், 0.6 மி.மீ. பர் ஒரு பக்கமாகவே சுமை தாங்கிச் சீக்கிரம் ஒடியும். அதற்கு முன் கிரவுனின் மெல்லிய மார்ஜினில் பொடிப்பொடியாகச் சில்லுகள் தெறித்திருக்கும்.

இந்த மெஷின்களின் ஸ்பிண்டில்கள் பலவற்றுக்கு அழுத்தக் காற்று தொடர்ந்து வேண்டும். பரைப் பிடித்து விடுவதற்கும், பேரிங்கினுள் தூசி நுழையாமல் தடுப்பதற்கும் அந்தக் காற்றே பயன்படுகிறது. காற்றில் எண்ணெய்ப் படிவோ ஈரமோ இருந்தால் ஸ்பிண்டிலின் ஆயுள் அங்கேயே குறையத் தொடங்கும். எல்ஜி எக்விப்மென்ட்ஸ் போன்ற கம்ப்ரஸர் நிறுவனம் 1960 முதல் இயங்கும் கோவையில் எண்ணெயில்லாக் கம்ப்ரஸர் வாங்குவது கடினமான காரியமன்று. ஆனால் ஏர் டிரையரையும் வடிகட்டியையும் சேர்த்து வாங்குவதைப் பலரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அது தவறான சிக்கனம்.

இனி பொருட்கள். இன்று லேப்புகளில் அதிகம் ஓடுவது ஜிர்கோனியா என்ற உறுதியான பீங்கான் வகை. இது 98.5 மி.மீ. விட்டமுள்ள தட்டாக, பல தடிமன்களில் வருகிறது. இந்த அளவுத் தட்டை ஏற்கும் மெஷினாக இருந்தால் எந்த நிறுவனத்தின் தட்டையும் வாங்கிப் பயன்படுத்தலாம் என்பதால், பிடிப்பானின் அளவை முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். மில்லிங்குக்கு வரும்போது ஜிர்கோனியா அரைகுறையாகச் சுட்ட நிலையில், கத்தியால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மென்மையாக இருக்கும். கடைந்து முடித்தபின் சிண்டரிங் சூளையில் ஏறத்தாழ 1450 முதல் 1550 டிகிரி செல்சியஸில் சுட்டால்தான் அதற்கு முழு வலிமை வரும். பச்சைச் செங்கல் சூளையில் சுருங்குவதுபோல இதுவும் சுருங்கும்; சுருக்கம் ஒவ்வொரு திசையிலும் சுமார் 20 விழுக்காடு. அதனால் மெஷின் கிரவுனைத் தேவையான அளவைவிடப் பெரிதாகக் கடைய வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பதைத் தயாரிப்பாளர் தட்டின் மேலேயே 1.23, 1.25 என்பதுபோல ஓர் எண்ணாக அச்சிட்டிருப்பார். தொகுப்புக்குத் தொகுப்பு இந்த எண் சற்று மாறும்.

இதில் சிறு பிழை என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாயில் 40 மி.மீ. நீளம் இருக்க வேண்டிய பிரிட்ஜை (இல்லாத பல்லின் இடத்தை நிரப்ப, பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு பல கிரவுன்களை ஒன்றாக இணைத்த அமைப்பு) 1.25 என்ற எண்ணோடு கடைந்தால், மெஷினிலிருந்து அது 50 மி.மீ. நீளத்தில் வெளிவரும். தட்டில் இருந்த எண்ணை மாற்றிப் பதிந்ததால் அரை விழுக்காடு பிசகினால், சுட்டபின் நீளத்தில் 0.2 மி.மீ., அதாவது 200 மைக்ரான் வேறுபாடு வந்துவிடும். அந்தப் பிரிட்ஜ் எந்தத் தாங்குபல்லிலும் முழுமையாக உட்காராது. ஒற்றைக் கிரவுனில் இதே பிசகு 50 மைக்ரானோடு போய்விடும் என்பதால் அங்கே கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. 'தனிக் கிரவுன் எல்லாம் நன்றாகத்தான் வருகிறது, பிரிட்ஜ்தான் ஆடுகிறது' என்று லேப்புகளில் கேட்கும் குறைக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். எனவே கேம் மென்பொருள் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனி எண்ணை ஏற்க வேண்டும். மூன்று திசைகளுக்கும் வேறுவேறு எண் கொடுத்திருந்தால் அதையும் ஏற்க வேண்டும். பாதி பயன்படுத்திய தட்டைக் கழற்றி மறுவாரம் மாட்டினாலும் அதன் எண்ணையும் மிச்ச இடத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பரின் அளவும் இதே அளவுக்கு முக்கியமானது. கீழ்த்தாடை முன்பல்லைச் சீவிய பிறகு அதன் மேல்விளிம்பு சில வேளைகளில் 0.7 மி.மீ. தடிமனே இருக்கும். அந்த விளிம்பு போய் உட்கார வேண்டிய பள்ளத்தைக் கிரவுனின் உள்ளே கடைய வேண்டும். ஜிர்கோனியாவில் அதைப் பெரிதாக்கிக் கடைவதால் பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 0.87 மி.மீ. ஆகும். மெஷினில் உள்ள மிகச் சிறிய பர் 1 மி.மீ. என்றால் அது உள்ளே நுழையவே முடியாது. அப்போது மென்பொருள் பள்ளத்தைத் தானே அகலப்படுத்தும்; கிரவுன் உட்காரும், ஆனால் அந்த இடத்தில் தளர்ச்சி வரும், சுவரும் மெலிந்துபோகும். அகலப்படுத்தும் வசதியை யாராவது அணைத்து வைத்திருந்தால் கிரவுன் பல்லின் நுனியில் முட்டிக்கொண்டு மேலேயே நிற்கும். மெஷினில் 0.6 மி.மீ. பர் இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. சுட்டபின் சுருங்காத லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் போன்ற பொருளில் பெரிதாக்கும் சலுகையும் கிடைக்காது என்பதால், அங்கே சிறிய பரின் தேவை இன்னும் கூடுகிறது. பர் மாற்றியில் எத்தனை பர்களுக்கு இடம் இருக்கிறது என்று கேட்பதோடு, மிகச் சிறிய பர் எது, அதை எந்தப் பொருளுக்கு அனுமதிக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். வைரப்பூச்சுப் பர்கள் விலை கூடுதலானாலும் ஜிர்கோனியாவில் வெகுகாலம் கூர்மை மங்காமல் உழைக்கும்.

மெஷின் நகரும் திசைகளான அச்சுகளின் (ஆக்ஸிஸ்) எண்ணிக்கையைப் பற்றித்தான் விற்பனையாளர்கள் அதிகம் பேசுவார்கள். இடம்வலம், முன்பின், மேல்கீழ் என மூன்று நேர் நகர்வுகள் எல்லா மெஷினிலும் உண்டு. தட்டை ஒரு கம்பியைச் சுற்றுவதாகத் திருப்பினால் நான்காவது அச்சு. அதையே மற்றொரு பக்கமாகவும் சாய்த்தால் ஐந்தாவது. ஒற்றைக் கிரவுனுக்கும் மூன்று பல் பிரிட்ஜுக்கும் நான்கு அச்சு பெரும்பாலும் போதும். தாங்குபற்கள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கும் நீண்ட பிரிட்ஜ், திருகுத் துளை கோணலாகப் போக வேண்டிய இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வேலை போன்றவற்றில்தான் ஐந்தாவது அச்சு இன்றியமையாததாகிறது. ஐந்து அச்சு என்ற பெயரில் விற்கும் இரண்டு மெஷின்களில் ஒன்று 20 டிகிரி வரையும் மற்றொன்று 30 டிகிரி வரையும் சாயலாம்; ஆகவே கோணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுழலும் அச்சு கூடக்கூட ஆட்டம் வரக்கூடிய மூட்டும் ஒன்று கூடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். இம்ப்ளான்ட் வேலை வராத லேப்புக்கு உறுதியான நான்கு அச்சு மெஷின், தளர்ந்த ஐந்து அச்சு மெஷினைவிட மேலானது என்பது என் உறுதியான கருத்து.

ஜிர்கோனியா, மெழுகு, பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக் ஆகியவற்றை உலர்முறையில் கடையலாம். லித்தியம் டைசிலிகேட்டையும் டைட்டானியத்தையும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) பாய்ச்சி ஈரமுறையில் கடைவார்கள். இரண்டையும் ஒரே மெஷினில் செய்யலாம் என்று சொல்லி விற்கப்படும் மெஷின்கள் உண்டு. ஈரவேலையிலிருந்து உலர்வேலைக்கு மாறும்போது உள்ளறையை முழுவதும் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். இல்லையென்றால் ஜிர்கோனியா கூலன்ட்டை உறிஞ்சிக்கொள்ளும், சுடும்போது நிறம் கெடும். நாளுக்கு இருமுறை மாற வேண்டிய நிலையில் இருக்கும் லேப், சிறிய மெஷின்கள் இரண்டை வைத்துக்கொள்வது நல்லது. டைட்டானியத்துக்கு அதிக முறுக்குவிசையும் கனமான உடலும் வேண்டும். மாதத்தில் எப்போதாவது வரும் டைட்டானிய வேலைக்காகப் பெரிய மெஷினில் பணத்தை முடக்குவதற்குப் பதில், அதை ஜாப் வொர்க்காகக் கொடுத்துச் செய்வதே நம் ஊர் வழக்கத்துக்கும் கணக்குக்கும் ஒத்துவரும்.

உலர்முறையில் எழும் ஜிர்கோனியாத் தூசி மிக நுண்மையானது. தூசி உறிஞ்சியில் ஹெப்பா வடிகட்டி இருப்பதும், உறிஞ்சி நின்றால் மெஷினும் தானே நிற்பதும் டெக்னீஷியனின் நுரையீரலுக்கான பாதுகாப்பு. இதில் விலை பேசக் கூடாது. ஈரமுறைக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும். திருப்பூர், பல்லடம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பைப் பற்றி அங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கூலன்ட் தொட்டியில் ஊற்றினால் நுண்ணிய துளைகளில் உப்புப் படிந்து பாய்ச்சல் குறையும், பர் சூடேறும். சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவில் இருந்தாலும் வாலை வடித்த நீரை ஊற்றுவதே முறை.

அடுத்தது, மெஷின் திறந்த முறையா மூடிய முறையா என்பது. 1985-இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் மோர்மனும் பிராண்டெஸ்டினியும் உருவாக்கிய செரெக் கருவி, மருத்துவரின் அறையிலேயே படமெடுத்துக் கடைந்தும் கொடுத்தது. அன்றைய முறைகளில் கேமரா, மென்பொருள், மெஷின், பொருள் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கட்டுக்குள் இருந்தன. இன்றும் சில மெஷின்கள் தங்கள் நிறுவனத்தின் தட்டையும் பரையும் மட்டுமே அடையாளச் சில்லு பார்த்து ஏற்கின்றன. அதில் ஒரு நன்மை உண்டு: எல்லாம் சோதித்துப் பொருத்தப்பட்டிருப்பதால் புதியவருக்குப் பிழை குறையும். ஆனால் பல மருத்துவர்களிடமிருந்து பல ஸ்கேனர்களின் கோப்புகளை வாங்கும் லேப்புக்கு, எஸ்டிஎல் கோப்பை எங்கிருந்து வந்தாலும் ஏற்கும் திறந்த முறையே ஏற்றது. மென்பொருளுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய உரிமக் கட்டணத்தையும், கட்டாவிட்டால் மெஷின் ஓடுமா நிற்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவில் ஆளில்லாமல் ஓடவிட நினைப்பவர்கள், பர் ஒடிந்தால் மெஷின் தானே கண்டுபிடித்து மாற்றுப் பரை எடுக்கிறதா, ஒவ்வொரு பரும் எவ்வளவு நேரம் உழைத்தது என்று கணக்கு வைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் என்ன நடக்கும் என்பதும் அவ்வளவு முக்கியம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை நாளிதழில் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். சொல்லாமல் நிற்கும் நேரத்துக்கு ஆன்லைன் யூபிஎஸ் வேண்டும். மெஷினையும் கணினியையும் யூபிஎஸ்ஸில் இணைத்துவிட்டுக் கம்ப்ரஸரை வெளியே விட்டுவிட்டால், காற்றழுத்தம் இறங்கியவுடன் மெஷின் எச்சரிக்கை கொடுத்து நின்றுவிடும். எனவே கம்ப்ரஸருக்கான சுமையையும் தூசி உறிஞ்சிக்கான சுமையையும் கூட்டித்தான் யூபிஎஸ்ஸின் திறனை முடிவு செய்ய வேண்டும். நின்ற இடத்திலிருந்து வேலையைத் தொடரும் வசதி மெஷினில் இருந்தால், பாதி கடைந்த தட்டு வீணாகாது.

பழுது பார்க்க ஆள் எங்கிருந்து வருவார், ஸ்பிண்டில் போனால் மாற்று எத்தனை நாளில் கிடைக்கும், உத்தரவாதம் மாதக் கணக்கிலா ஸ்பிண்டில் ஓடிய மணிக் கணக்கிலா என்ற மூன்றுக்கும் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். அதே மெஷினை வைத்திருக்கும் வேறு இரண்டு லேப்புகளுக்கு நேரில் போய்க் கேட்பது விற்பனையாளர் சொல்வதைவிட நம்பகமானது. பெரும்பாலானவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

கடைசியாக, முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் லேப்பின் சொந்தக் கோப்புகளைக் கொண்டுபோய்க் கடையச் சொல்லுங்கள். விளிம்பு மெலிந்த ஒரு கீழ் முன்பல், சாதாரணமான ஒரு கடைவாய்ப்பல், தாங்குபற்கள் சாய்ந்த ஒரு நீண்ட பிரிட்ஜ் ஆகிய மூன்றும் போதும். காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஒரு தொகுப்பும், சில மணி நேரம் ஓடி ஸ்பிண்டில் சூடேறிய பிறகு அதே தொகுப்பை இன்னொரு முறையும் கடைய வேண்டும். இரண்டையும் உங்கள் சூளையிலேயே சுட்டு, எந்தத் திருத்தமும் செய்யாமல் மாடலில் உட்காரவைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் மார்ஜினைச் சுற்றிப் பாருங்கள். பிரிட்ஜின் ஒரு முனையை விரலால் அழுத்தும்போது மறுமுனை எழுகிறதா என்றும் பாருங்கள். காலைத் தொகுப்புக்கும் பிற்பகல் தொகுப்புக்கும் வேறுபாடு தெரிந்தால் அதற்கான காரணத்தை விற்பனையாளர் விளக்கிச் சரிசெய்து, மறுபடி கடைந்து காட்டும் வரை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.